முடியாத வேலையை முடிந்ததாகக் காட்டிய கணினிகள்: விசுவமடுப் பக்கத்துக் கடை ஒன்றின் லினக்ஸ் மாற்றம்

பரந்தனில் ஏ9 வீதியிலிருந்து பிரிந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட உள்ள ஒரு கடையைப் பற்றியது இந்த ஆய்வு. போட்டோக்கொப்பி, தட்டச்சு, இணையவழி விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக்கொடுத்தல் எல்லாம் அங்கே நடக்கும். பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சை வினாத்தாள், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவுமலர் என்று ஊரின் எழுத்துவேலை முழுவதும் அந்த ஐந்து கணினிகளுக்குள்ளால்தான் போய்வருகிறது. கடையை நடத்துபவர் ஒரு அக்கா. தட்டச்சுக்கு ஒரு தங்கச்சி, போட்டோக்கொப்பிக்கு ஒரு தம்பி.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றுபோயின. கடையில் இருந்தவை இன்டெலின் மூன்றாம், நான்காம் தலைமுறைச் சிப் கொண்ட பழைய கணினிகள். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. ஐந்தையும் மாற்றப் பணம் இல்லை. வவுனியாவில் படிக்கும் அக்காவின் மருமகன் வந்து நான்கில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான மேசைத்தளத்தோடு நிறுவிக் கொடுத்தான். ஒன்றில் மட்டும் விண்டோஸையும் பக்கத்தில் விட்டு, எது வேண்டுமோ அதில் தொடங்கும்படி வைத்தான். ஐந்தாவது கணினியைத் தொடவில்லை. அவன் செய்த வேலை சுத்தமானது. கணினிகள் முன்னரைவிட வேகமாக எழும்பின. வைரஸ் தொல்லை நின்றது. பென் டிரைவுக்குள் இருக்கும் கோப்புறைகள் குறுக்குவழிச் சின்னங்களாக மாறிவிடும் அந்தப் பழைய வியாதியும் போயிற்று.

சில வாரங்களில் அக்காவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"இது நம்பேலாத சாமானாக் கிடக்குது தம்பி. ஒருநாள் ஓடுது, மற்றநாள் ஓடுதில்லை. என்ன பிழையெண்டும் சொல்லுதில்லை. பழசையே திருப்பிப் போட்டுத்தாங்கோ."

அந்த நான்கு வசனங்களில் மூன்றாவதுதான் முக்கியமானது என்று எனக்குப் பட்டது. பிழை வருவது ஒரு பிரச்சினை. பிழை வந்தது தெரியாமலே போவது அதைவிடப் பெரிய பிரச்சினை. திரையில் சிவப்பாக ஒரு செய்தி வந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடலாம். வேலை முடிந்துவிட்டதாகக் காட்டிவிட்டு உள்ளே முடியாமல் இருந்தால், சேதம் வாடிக்கையாளரின் கையில் போய்த்தான் வெடிக்கும். இந்தக் கடையில் நடந்தவற்றில் மனதைப் புண்படுத்தியவை எல்லாம் இரண்டாவது வகை.

முதலில் எதையும் மாற்றவில்லை. ஒரு சிஆர் கொப்பியை மேசையில் வைத்து, பிழை வரும்போதெல்லாம் எழுதச் சொன்னேன்: எத்தனை மணி, எந்தக் கணினி, திரையில் என்ன இருந்தது, அதற்குச் சற்று முன்னர் கரண்ட் போனதா. கடைசிக் கேள்வியைத் தம்பி விளங்கிக்கொள்ளவில்லை. "கரண்ட் போறது கொம்பியூட்டருக்குப் புதுசே அண்ணா?" என்றான். புதிதில்லைத்தான். 2022இல் நாடு முழுவதும் ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டியதையும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் ஒரேயடியாக இருண்டதையும் இந்தக் கணினிகள் விண்டோஸோடு கடந்து வந்தவைதான். ஆனாலும் கொப்பி நிரம்பியபோது அந்தக் கடைசிப் பத்திதான் பேசியது. பிழைகளில் பெரும்பாலானவை கரண்ட் திரும்பி வந்த பிறகான முதல் அரைமணித்தியாலத்துக்குள் விழுந்திருந்தன. கரண்டோடு தொடர்பில்லாத பெரிய பிழை ஒன்று. அதிலிருந்தே தொடங்குகிறேன்; கடையின் பெயரைக் கெடுக்கப் பார்த்தது அதுதான்.

பென்னில் போகாத நினைவுமலர்

ஒரு குடும்பம் தங்கள் தகப்பனாரின் 31ஆம் நாளுக்கு நினைவுமலர் அடிக்கக் கொடுத்திருந்தது. தங்கச்சி பக்கங்களை அமைத்து, குடும்பப் படங்களை ஸ்கான் செய்து சேர்த்து, பிடிஎஃப் ஆக்கினாள். ஏறத்தாழ 300 எம்பி. அதைக் குடும்பத்தின் 64 ஜிபி பென்னில் போட்டாள். பச்சைப் பட்டை சில வினாடிகளில் முழுவதும் ஓடி மறைந்தது. பென்னைக் கழற்றிக் கொடுத்தாள். மகன் கிளிநொச்சியில் அச்சகத்துக்குப் போனான். அங்கே கோப்பின் பெயர் தெரிந்தது, கோப்பு திறக்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்தபோது கடையில் கரண்ட் இல்லை. நினைவுமலருக்குத் தவணை சொல்ல முடியாது. நாள் குறித்த காரியம். அந்த மகன் கடைவாசலில் நின்று பேசியதை அக்கா எனக்குச் சொல்லவில்லை, தங்கச்சிதான் சொன்னாள்.

தங்கச்சியின் கை பிழை செய்யவில்லை. பல வருடமாக அவள் அப்படித்தான் பென்னைக் கழற்றினாள். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் சேமிப்புக்கு விண்டோஸின் இயல்பு அமைப்பே 'உடனே கழற்றலாம்' என்பதுதான். எழுதவேண்டியதைத் தன்னிடம் பிடித்துவைக்காமல் உடனுக்குடன் எழுதிவிடும். பட்டை முடிந்தால் எழுத்தும் அநேகமாக முடிந்திருக்கும்.

லினக்ஸ் வேறு விதம். கோப்பை முதலில் ரேம் என்ற தற்காலிக நினைவகத்துக்குள் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதுமே செயலிக்கு 'பெற்றுக்கொண்டேன்' என்று சொல்லிவிடுகிறது. வட்டுக்கு எழுதுவதைப் பின்னால் தன் பாட்டுக்குச் செய்கிறது. ஆலையில் நெல்மூட்டையை இறக்கித் துண்டு வாங்குவதற்கும் அரிசியைக் கையில் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. திரையில் ஓடிய பச்சைப் பட்டை துண்டைத்தான் காட்டியது.

கணக்கையும் பார்க்கலாம். லினக்ஸின் உட்கருவான கேர்னலின் இயல்பு அமைப்பில், எழுதப்படாத தரவு பயன்படக்கூடிய ரேமின் 20 சதவீதம் வரை தேங்கலாம். 10 சதவீதம் தாண்டினால் அல்லது தரவுக்கு 30 வினாடி வயதானால் பின்னணியில் எழுதத் தொடங்கும். அந்தக் கணினியில் 4 ஜிபி ரேம். 2 ஜிபி அளவு பயன்படக்கூடியதாக இருந்தால் 400 எம்பி வரை தேங்க இடமுண்டு. 300 எம்பிக் கோப்பு முழுதாக அதற்குள் அடங்கிவிட்டது. மலிவான பென் ஒன்று வினாடிக்கு 5 முதல் 10 எம்பி வரைதான் எழுதும். உண்மையில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை காத்திருந்திருக்கவேண்டும்.

சின்னப் பென்களில் இது ஏன் நடக்கவில்லை என்று தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி, விடையும் உண்டு. 32 ஜிபிக்கும் அதற்குக் குறைந்ததற்கும் வழமையாக ஃபாட்32 என்ற அமைப்பு. லினக்ஸ் மேசைத்தளங்கள் அதை இணைக்கும்போது சீக்கிரமாக எழுதித்தள்ளும் ஒரு விருப்பத்தைச் சேர்த்தே இணைக்கின்றன. 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபாட். அதற்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே ஒரே கணினி, ஒரே கை, ஒரே பழக்கம். ஒரு பென்னில் சரி, மற்றதில் பிழை. 'ஒருநாள் ஓடுது, மற்றநாள் ஓடுதில்லை' என்று அக்கா சொன்னது துல்லியமான அவதானிப்பு.

இதில் எனக்கு லினக்ஸ் மேல் உண்மையான வருத்தம் உண்டு. 2017 நவம்பரிலிருந்து உலகின் அதிவேக மீக்கணினிகள் 500இலும் ஓடுவது லினக்ஸ்தான். பெரிய வட்டும் அறாத மின்சாரமும் உள்ள இடத்தில் அந்த 20 சதவீதம் அறிவான ஏற்பாடு. மெதுவான பென்னைச் செருகிக் கழற்றும் மேசைக்கணினிக்கு அது பொருந்தாது. 2013இலேயே கேர்னலை எழுதுபவர்கள் யூஎஸ்பி பென்னால் வரும் இந்தத் தேக்கத்தைப் பற்றித் தங்களுக்குள் விவாதித்திருக்கிறார்கள். அதற்குப் பின்னரும் இயல்பு அமைப்பு அந்த எண்ணோடேயே வருகிறது. கடைக்கு வரும் மனிதருக்கு ரேமும் தேக்கமும் தெரியவேண்டிய அவசியமில்லை. பட்டை உண்மை சொல்லவேண்டும்.

செய்தது இரண்டு. கேர்னல் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்து, சதவீதத்துக்குப் பதில் நேரடி அளவு கொடுத்தோம்: பின்னணியில் எழுதத் தொடங்க 16 எம்பி, மேல்வரம்பு 48 எம்பி. இப்போது பட்டை கிட்டத்தட்ட பென்னின் வேகத்திலேயே நகர்கிறது. கடைசியில் சில வினாடி எழுத்துத்தான் மிச்சம். அந்தச் சில வினாடிக்காக இரண்டாவது ஏற்பாடு: கோப்பு நிர்வாகியில் பென்னின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியேற்றும் அம்புக்குறியை அழுத்தி, 'இனிக் கழற்றலாம்' என்ற அறிவித்தல் வந்த பிறகே கையை வைப்பது. ஒவ்வொரு துண்டையும் அந்தந்த நேரமே எழுதச்சொல்லும் அமைப்பும் இருக்கிறது. அதைப் போடவில்லை. அது பென்னின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி வேகத்தையும் ஆயுளையும் குறைக்கும். அக்கா தன் பாட்டில் மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார்: பென்னைத் திருப்பிச் செருகி, கோப்பைத் திறந்து வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவது. மூன்றிலும் சிறந்தது அதுதான் என்பேன்.

கரண்ட் போய் வந்த பிறகு

கடையில் யூபிஎஸ் ஒன்று இருந்தது. அதன் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. பெட்டி வெறும் நீட்டிப்புப் பலகையாகத்தான் இருந்தது. லப்டொப்புகளின் பற்றரிகளும் அப்படியே. ஆகவே கரண்ட் போவதென்றால் ஐந்து கணினியும் நடுவேலையில் வெட்டுண்டு விழுவதுதான். விண்டோஸ் காலத்திலும் விழுந்தன. ஆனால் எழும்பும்போது விண்டோஸ் தன் பாட்டுக்கு வட்டைச் சோதித்துக்கொண்டு, மெதுவாகவேனும் மேசைத்தளத்துக்கு வந்துவிடும். லினக்ஸ் கணினி ஒன்று ஒருநாள் காலை கறுப்புத் திரையில் ஒரு ஆங்கில வரியோடு நின்றுவிட்டது. தம்பி அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "செத்துப்போச்சு அண்ணா" என்று எழுதியிருந்தான்.

சாகவில்லை. மின்டின் வட்டமைப்பு ஈஎக்ஸ்ரி4. 2008 டிசம்பரில் நிலையான கேர்னலுக்குள் வந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துவிட்டு, பிறகு உரிய இடத்தில் செய்யும். ஆகவே நடுவில் கரண்ட் போனாலும் வட்டின் கட்டமைப்பு அநேகமாகத் தப்பிவிடும். தப்பாத வேளைகளில், பழுதைத் திருத்தினால் எதையாவது இழக்கநேரலாம் என்பதால், கணினி மனிதரைக் கேட்கிறது. கேட்கும் விதம்தான் கடைக்காரருக்கு உதவாதது. நான் தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, தம்பி சோதனைக் கட்டளையை அடித்து, கேட்டதற்கெல்லாம் ஆம் கொடுத்தான். கணினி எழும்பிற்று.

பிறகு தொடக்கக் கட்டளை வரியில், பழுதைத் தானாகவே திருத்தச் சொல்லும் விருப்பத்தைச் சேர்த்தோம். இதை வட்டு நல்ல நிலையில் இருக்கும்போது மட்டும்தான் செய்யலாம். பழுதாகிக்கொண்டிருக்கும் வட்டில் தானியங்கித் திருத்தம் மிச்சத்தையும் அழிக்கலாம். ஆகவே முதலில் நான்கு வட்டுகளின் உடல்நிலை அறிக்கையையும் எடுத்தோம். ஒன்றில் கெட்டுப்போய் இடம் மாற்றிய பகுதிகள் இருந்தன. அதைக் கழற்றி ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டோம். கொப்பியில் அந்தக் கணினியின் பெயர் அடிக்கடி வந்ததற்கு அதுவே காரணம். லினக்ஸின் தலையில் போட்ட பழிகளில் ஒரு பங்கு இந்த வட்டினுடையது.

இன்னொரு நாள் மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மென்பொருள் பொதிகள் பாதி நிறுவப்பட்ட நிலை. கணினி எழும்பியது, வேலை செய்தது, ஆனால் அதற்குப் பிறகு எந்த மேம்படுத்தலும் ஏறவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும் ஒரு கட்டளையோடு அது சரியாயிற்று. கடை பூட்டும் நேரத்தில் மேம்படுத்தலை ஓடவிட்டுப் போகும் பழக்கத்தை நிறுத்தி, காலையில் ஆள் இருக்கும்போது செய்வதாக மாற்றினோம். மின்டோடு வரும், இயங்குதளத்தின் நிலையைப் படி எடுத்துவைக்கும் டைம்ஷிஃப்டையும் வாரம் ஒருமுறை ஓடும்படி வைத்தோம்.

அடுத்தது கடிகாரம். இது கொப்பி இல்லாவிட்டால் பிடிபட்டிருக்காது. 'இணையம் இருக்கு, ஆனால் பெறுபேற்றுப் பக்கம் திறக்குதில்லை, பாதுகாப்பில்லை எண்டு சொல்லுது' என்று ஒரே மேசைக்கணினியைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் கரண்ட் வந்த உடனே. தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர் 2032 பற்றரி செத்திருந்தது. கரண்ட் போனால் கணினி திகதியை மறந்துவிடும். பூட்டுச் சின்னம் போட்ட இணையத்தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினியின் திகதி அதற்குள் இல்லையென்றால் உலாவி கதவைச் சாத்திவிடும். லினக்ஸ் சரியான நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும். ஆனால் 4ஜி ரவுட்டரும் அதே கரண்டோடுதான் எழும்புகிறது. அது கோபுரத்தைப் பிடித்து இணையம் தரும்வரை கணினி பிழையான நேரத்தில்தான் நிற்கும். பற்றரியை மாற்றினோம், அந்த வரி கொப்பியிலிருந்து மறைந்தது.

இரண்டு இயங்குதளமும் உள்ள கணினியில் வேறொரு நேரக் குழப்பம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொதுநேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இலங்கை நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே காலை 9 மணிக்கு விண்டோஸில் தொடங்கினால் விடியப்புறம் 3.30 என்று காட்டும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தில் வைக்கச்சொல்லி ஒரே கட்டளையில் தீர்த்தோம்.

அதே கணினியில் விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளை லினக்ஸிலிருந்து திறக்கலாம், சேமிக்க ஏலாது என்று ஒரு முறைப்பாடும் இருந்தது. இதில் பொய் சொன்னது விண்டோஸ். 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து 'விரைவுத் தொடக்கம்' என்று ஒன்று உண்டு. மூடு என்று அழுத்தினால் முழுதாக மூடாமல், தன் உள்நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்கும். அந்த நிலையில் வட்டில் வேறொருவர் எழுதினால் எல்லாம் குழம்பும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. மறுப்பது சரி. விரைவுத் தொடக்கத்தை நிறுத்தியதோடு அந்த முறைப்பாடும் நின்றது.

அச்சியந்திரம்தான் அக்காவைக் கூடுதலாக அலைக்கழித்தது. பழைய லேசர், சின்னது, உழைப்பாளி. அந்த வகை இயந்திரங்கள் சிலவற்றில் தங்களை இயக்கும் நிரல் உள்ளே நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொருமுறை கரண்ட் கொடுக்கும்போதும் கணினி அதை அனுப்பவேண்டும். விண்டோஸில் உற்பத்தியாளரின் மென்பொருள் இதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியாது. லினக்ஸில் அச்சியந்திரம் இணைக்கப்பட்டதும் நிரலை அனுப்பச்சொல்லும் விதி ஒன்றை மருமகன் சரியாகவே எழுதியிருந்தான். கணினி முதலில் எழும்பி, பிறகு இயந்திரத்தைப் போட்டால் எல்லாம் நடக்கும். கரண்ட் வந்து இரண்டும் ஒன்றாக எழும்பினால், விதி ஓடும் வேளையில் அதற்குத் தேவையானவை இன்னும் தயாராகியிருக்காது. நிரல் போகாது. அதன் பிறகு பத்திரத்தை அச்சிடச் சொன்னால் அது வரிசையில் ஏறும், அனுப்பப்பட்டதாகக் காட்டி வரிசையிலிருந்து நீங்கும், தாள் வராது. நினைவுமலர் கதையின் அதே வடிவம்.

இதற்கு மருந்து யூபிஎஸ்ஸின் பற்றரியாக இருந்தது. 12 வோல்ட், 7 அம்பியர்மணிப் பற்றரி ஒன்று வாங்கிப் போட்டோம். லேசர் அச்சியந்திரத்தை யூபிஎஸ்ஸில் கொழுவக்கூடாது. மையை உருக்கும் சூடாக்கி ஒரேயடியாக இழுக்கும் கரண்டைச் சின்ன யூபிஎஸ் தாங்காது. ஆகவே கரண்ட் போகும்போது அச்சியந்திரம் மட்டும் அணைந்து, கணினி நிற்கும். கரண்ட் வந்ததும் ஏற்கெனவே விழித்திருக்கும் கணினி இயந்திரத்தைக் கண்டு நிரலை அனுப்பிவிடும். யூபிஎஸ் தாங்கும் நேரத்தைத் தாண்டிக் கரண்ட் போனால், அச்சியந்திரத்தின் ஆளியை நிறுத்திவைத்துக் கணினி எழும்பிய பிறகு போடவேண்டும். அதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

பாமினி

கணினிப் பிழையாகவே தெரியாத ஒரு பிழையும் இருந்தது. கடையின் பழைய கோப்புகள், பள்ளிக்கூடங்கள் அனுப்பும் வினாத்தாள்கள் எல்லாமே பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். பாமினிக் கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துருக் கோப்பை லினக்ஸில் போட்டதும், வேர்டைப் போன்ற மென்பொருளான லிப்ரெஒஃபிஸில் எல்லாம் அழகாகவே தெரிந்தது. தங்கச்சி அதே விசைகளில் அதே வேகத்தில் அடித்தாள்.

ஆனால் பந்திகளின் முதல் எழுத்து மாறத் தொடங்கியது. 'அம்மா' என்று தொடங்கிய பந்தி 'ஆம்மா' ஆனது. 'கந்தசாமி' 'குந்தசாமி' ஆனார். லிப்ரெஒஃபிஸ் வசனத்தின் முதல் ஆங்கில எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய எம் அகரம், பெரிய எம் ஆகாரம். சிறிய எஃப் ககரம், பெரிய எஃப் குகரம். விண்டோஸில் இருந்த வேர்டும் இதைச் செய்யக்கூடியதுதான். அங்கே யாரோ முன்னொரு காலத்தில் அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவைத்திருந்தார்கள், ஒருவருக்கும் நினைவில் இல்லை. இங்கும் நிறுத்தினோம். நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக்குவதையும் சேர்த்தே நிறுத்தினோம், அதுவும் பாமினியைக் கெடுக்கும். பெயர் பிழைத்த ஒரு விண்ணப்பம் பிரதேச செயலகத்திலிருந்து திரும்பி வந்தால் அலைவது ஒரு முதியவராக இருக்கலாம். ஆகவே மாற்றம் செய்பவர்கள் எல்லாரும் முதல்நாளே பார்க்கவேண்டிய அமைப்பு இது என்று அழுத்திச் சொல்வேன்.

தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோட் கோப்புகளில் வேறு தொல்லை. விண்டோஸின் லதா எழுத்துரு மின்டில் இல்லை. நோட்டோ அல்லது லோகித் அந்த இடத்தில் வந்து நிற்கும். எழுத்தின் அகலம் வேறு, ஆகவே வரி முறிந்து, இரண்டு பக்க வினாத்தாள் மூன்றாம் பக்கத்துக்கு வழிந்துவிடும். வெளியே கொடுப்பதை எல்லாம் பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். புதிய வேலைகளைத் தங்கச்சி மெல்ல மெல்ல யூனிகோடில் தொடங்கியிருக்கிறாள். இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரநிலையில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் கிடைக்கிறது. ஆனால் பாமினியில் ஓடிப்பழகிய விரலை வேறு அமைப்புக்குத் திருப்புவது எளிதில்லை. அவசர வேலை வந்தால் அவள் பாமினிக்குத்தான் போகிறாள். அதில் பிழை சொல்ல என்னால் முடியாது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லப்டொப்பின் மூடியைச் சாத்தினால் உறங்கி, திறந்தால் எழும்ப மறுத்தது. காரணத்தைத் தேடாமல் உறக்கத்தையே நிறுத்தினோம், கடையில் அதற்குத் தேவையும் இல்லை. யூஎஸ்பி வைஃபை துண்டு ஒன்று கேர்னல் மேம்படுத்தலோடு வேலை செய்யாமல் போனது. அதை இயக்கும் மென்பொருளான இயக்கி கேர்னலுக்கு வெளியே இருந்து வருவது. புதிய கேர்னல் வரும்போதெல்லாம் திரும்பக் கட்டப்படவேண்டும். ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்ததோடு அந்தக் கவலை விட்டது. அவசரத்துக்கு, தொடக்கப் பட்டியலில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்வது எப்படி என்று தம்பிக்குக் காட்டிவைத்தேன்.

4 ஜிபிக் கணினிகள் உலாவியில் பல பக்கம் திறந்தால் சுட்டி கூட அசையாமல் உறைந்துபோயின. ரேம் தீரும்போது எந்தச் செயலியை நிறுத்துவது என்று முடிவெடுக்க லினக்ஸ் அதிக நேரம் எடுக்கிறது. அதற்குள் வட்டோடு மல்லுக்கட்டித் திணறிவிடுகிறது. முன்கூட்டியே பெரிய செயலியை நிறுத்தும் எர்லிஓஓஎம்மையும், ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேமையும் போட்டோம். பழைய டிடிஆர்3 ரேம் துண்டுகள் மலிவாகக் கிடைத்ததால் இரண்டு கணினிகளை 8 ஜிபி ஆக்கினோம். அதுவே கூடிய பலன் தந்தது. அப்படியும் உறைந்தால், மின்விசையை நிறுத்துவதற்கு முன்னர் ஆல்ட், பிரின்ட்ஸ்கிரீன் விசைகளைப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி (B) என்று மெதுவாக அழுத்தச் சொல்லியிருக்கிறேன். தேங்கியிருப்பதை வட்டுக்கு எழுதி, வட்டைப் பூட்டி, பிறகே மறுதொடக்கம் செய்யும்.

அக்காவின் முதல் கோரிக்கை பழையதைத் திருப்பிப் போடுவது. பற்றரிகளும் வட்டும் ரேமும் மாற்றிய பிறகு அதையே மீண்டும் கேட்டேன், உண்மையாகவே கேட்டேன். வேண்டுமென்றால் போட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருந்தேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொப்பியை எடுத்துப் புரட்டினார். "இப்ப என்ன பிழையெண்டு தெரியுது. இருக்கட்டும் தம்பி" என்றார்.

ஆனாலும் வேறொரு கடைக்காரர் என்னிடம் கேட்டால் நேரே மாறச் சொல்லமாட்டேன். முதலில் யூபிஎஸ், பிறகு வட்டின் உடல்நிலை, பிறகு அச்சியந்திரம் எந்த வகை என்று பார்ப்பது. 2010இல் வந்த ஏர்பிரின்டைப் போல, தனி இயக்கி வேண்டாத முறையில் அச்சிடும் இயந்திரம் என்றால் பாதி வழி வந்தமாதிரி. இந்த மூன்றும் சரியில்லாத இடத்தில் லினக்ஸைப் போட்டால், பழைய பிழைகள் எல்லாம் புதிய பெயரில் வந்து லினக்ஸின் கணக்கில் ஏறும்.

தொடாமல் விட்ட ஐந்தாவது கணினி இன்னும் விண்டோஸ் 10இல் இருக்கிறது. அதன் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டோம். அச்சகங்கள் அனுப்பும் பேஜ்மேக்கர், கோரல்ட்ரோ கோப்புகள் அதில்தான் திறக்கின்றன. ஸ்கானரும் அதில்தான்; லினக்ஸில் படம் வருகிறது, ஆனால் நீளமான பத்திரத்தில் நடுவில் நின்றுவிடுகிறது, காரணம் இன்னும் பிடிபடவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று. அடுத்து வேறொரு யூஎஸ்பி வாயிலில் கொழுவி, ஸ்கானருக்குத் தனி மின்வழங்கி கொடுத்துப் பார்க்கவேண்டும்.